ஹார்டு டிஸ்க் போனால் வரவேண்டிய பாக்கியும் போய்விடுமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் பாத்திரக்கடை நடத்துகிறேன், மொத்த வியாபாரமும் உண்டு. கடைக் கணினியில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்து நின்றுபோனது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் அலைக்கழித்தார். ஹார்டு டிஸ்கின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ‘இனி ஒன்றும் எடுக்க முடியாது’ என்று கையில் கொடுத்துவிட்டார். 3,500 ரூபாயும் வாங்கிக்கொண்டார். கேட்கப் போனால் மரியாதை இல்லாமல் பேசுகிறார். நான்கு வருடக் கணக்கு அதில்தான் இருந்தது. கடையம், ஆழ்வார்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் கடைகளிலிருந்து வரவேண்டிய பாக்கி மட்டும் 12 லட்சம். அந்தத் தொகையை நஷ்ட ஈடாகக் கேட்டு அவர்மீது வழக்குப் போடலாமா?

பதில்: அவர் பேசிய பேச்சை விட்டுவிடுங்கள், அதற்கு எந்த நீதிமன்றமும் காசு கொடுக்காது. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது அந்த 12 லட்சம் மட்டும்தான். அது தொலைந்துவிட்டதா என்றால், இல்லை. சரக்கு கைமாறிய அன்றே கடன் உண்டாகிவிட்டது. டிஸ்கில் இருந்தது அதைப் பற்றிய குறிப்பு. குறிப்பு போனாலும் கடன்காரர் கடன்காரர்தான். ஆகவே பழுது பார்ப்பவரிடம் நீங்கள் கேட்கக்கூடிய நஷ்டம் 12 லட்சம் அல்ல. கொடுத்த கூலியும், கோப்புகளை மீட்க ஆகும் செலவும், கொஞ்சம் மேலே ஏதாவதும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று அவருடைய வழக்கறிஞர் தொடங்குவார். வணிக நோக்கத்துக்குப் பெற்ற சேவை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வராது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சிக்கு அது கிடைக்குமா என்பதிலேயே மாதங்கள் ஓடும். அதைத் தாண்டினாலும், டிஸ்க் தன்னிடம் வரும்போதே பழுதாகத்தான் வந்தது என்பார். அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

என் கவலை வேறு. இப்படி மெக்கானிக்கோடு மல்லுக்கட்டியவர்கள் பலர், அந்த வேகத்தில் பாக்கிக்காரர்களை மறந்துவிடுகிறார்கள். கடனுக்கு விற்ற சரக்கின் விலையைக் கேட்டு வழக்குப் போட, தவணை எதுவும் பேசாதபோது, சரக்கு கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் அவகாசம். ‘கணக்கு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது’ என்று வியாபாரிகள் நினைக்கிறார்கள். சட்டம் பெரும்பாலும் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகத்தான் எண்ணும். உங்களுடையது நான்கு வருடக் கணக்கு. முதல் வருடத்துப் பாக்கியில் ஒரு பகுதி ஏற்கெனவே காலாவதியாகியிருக்கலாம். மற்றது மாதாமாதம் கரைந்துகொண்டிருக்கிறது.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. மெக்கானிக்மீது போடும் வழக்கில், ‘என் கணக்கு முழுவதும் அழிந்துவிட்டது, என்னிடம் வேறு ஆதாரமே இல்லை’ என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதுவீர்கள். நஷ்டத்தைப் பெரிதாகக் காட்ட எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதன் சான்றிட்ட நகல் ஆழ்வார்குறிச்சிக்காரர் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? நாளை நீங்கள் அவர்மீது போடும் வழக்கில் அவருக்கு வேறு சாட்சியே தேவையில்லை. மின்னணுக் கணக்குக்கு மாற்று நகல் வைத்திருக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி விதி 57 சொல்கிறது. அதை மீறியதாகவும் நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். எனவே டிஸ்க் போன கதையைக் கடைத்தெருவில் சொல்லாதீர்கள். ஏற்கெனவே சொல்லியிருந்தால் இதோடு நிறுத்துங்கள்.

முதலில் ஒவ்வொரு கடைக்காரரிடமும் போய், இன்றைய தேதியில் இவ்வளவு பாக்கி என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். காலவரையறைச் சட்டம் 18ஆம் பிரிவின்படி அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். கெடு முடிவதற்குள் வாங்கிய கையெழுத்துக்குத்தான் இந்தப் பலன். முடிந்த பின் வாங்கினால், கொடுத்துவிடுகிறேன் என்ற தெளிவான எழுத்து வாக்குறுதியாக அது இருக்க வேண்டும். தொகை தெரியாமல் எப்படிப் போவது என்பீர்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ள கடைகளுக்கு விற்றது ஜிஎஸ்டிஆர்-1 என்ற, நீங்கள் தாக்கல் செய்யும் விற்பனைக் கணக்கில் பில் வாரியாக இணையத்திலேயே இருக்கும். ஆடிட்டரிடம் டாலி கணக்கு மென்பொருளின் பழைய நகல் கோப்பு இருக்கலாம். பில் புத்தக அடிக்கட்டை, லாரி ரசீது, வங்கி வரவு எல்லாவற்றையும் தேடுங்கள். டிஸ்க் முழுதாக மீண்டு வந்தாலும் இவை வேண்டும்: பாரதிய சாட்சிய சட்டம் 28ஆம் பிரிவின்படி கணக்குப் பதிவை மட்டும் வைத்து ஒருவர்மீது கடனைச் சுமத்த முடியாது.

டிஸ்குக்கு இனி மின்சாரமே கொடுக்காதீர்கள். படிக்கும் ஹெட்டு, தரவு பதிந்திருக்கும் தட்டின்மேல் நானோமீட்டர் கணக்கிலான இடைவெளியில் மிதப்பது. மூடி திறந்தபோது விழுந்த தூசியே தட்டைச் சிராய்க்கப் போதும். மருமகன் இலவச மென்பொருள் போட்டுப் பார்க்கிறேன் என்பார், விடாதீர்கள். அழித்த கோப்பைத் தேடத்தான் அது உதவும், அடிபட்ட ஹெட்டை அது சரிசெய்யாது. உள்ளூரில் இன்னொரு கடைக்குக் கொடுத்தாலோ, முதல் ஆள் ‘கெடுத்தது அவன்தான்’ என்று தப்பித்துக்கொள்வார். தூசியற்ற அறை உள்ள தரவு மீட்பு நிலையத்துக்கு நேராக அனுப்புங்கள்.

அந்தச் செலவில் பாதியையும் 3,500 ரூபாயையும் அவர் தந்தால் வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போங்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கேட்டால் எழுதிக் கொடுங்கள். பதிலுக்கு, டிஸ்கைத் திறந்தது தான்தான் என்று ஒரு வரி, சீரியல் எண்ணோடு, அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்கை ஏற்கெனவே யாராவது திறந்தார்களா என்று மீட்பு நிலையத்தில் கேட்பார்கள்.