வெயில், வெள்ளம், கொசு: பொதுச் சுகாதார மருத்துவரின் பதில்கள்

கேள்வி: வெப்ப அலையின்போது மின்விசிறி போதுமா?

பதில்: காற்றின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் போதாது. மின்விசிறியே உடம்பைச் சூடாக்கும். உடம்பை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள். பேச்சு குழறினாலோ ஆள் தடுமாறினாலோ ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். ஆம்புலன்ஸை அழையுங்கள், அது வரும்வரை தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிர்வியுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கம் வெயில் பற்றி நோட்டீஸ் அடிக்கப்போகிறது. என்ன எழுதலாம்?

பதில்: அடிக்க வேண்டாம். முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். தனியாக இருக்கும் முதியவர் யார், படுத்த படுக்கையாக இருப்பவர் யார், தகரக் கூரைக்கடியில் யார்? ஒவ்வொருவருக்கும் அக்கம்பக்கத்தில் ஒருவர் பொறுப்பேற்று, காலையும் மாலையும் கதவைத் தட்டிப் பார்க்கட்டும். 1995 ஜூலையில் சிகாகோ வெப்ப அலையில் 700 பேருக்கும் மேல் இறந்தார்கள், பலர் தனியாக. வறுமையில் ஒன்றுபோல இருந்த இரண்டு பகுதிகளில், ஆள் நடமாட்டமும் கடைகளும் நிறைந்த பகுதியில் சாவு குறைவு என்று பிறகு ஆராய்ந்தவர்கள் கண்டார்கள்.

கேள்வி: அப்பா சாப்பிடும் நீர் மாத்திரையை (சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை) வெயில் காலத்தில் நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் வெயில் தொடங்கும் முன்பே கேளுங்கள்.

கேள்வி: மக்கள் சொன்னால் கேட்பதில்லை. செல்பேசியில் எச்சரிக்கை அனுப்பினால் போதாதா, எதற்கு இந்த ஊர்க்கூட்டமெல்லாம்?

பதில்: 1991 வங்கதேசப் புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எச்சரிக்கை கொடுக்காமல் இல்லை. போவதற்குக் காப்பகங்கள் போதவில்லை. வீட்டையும் மாட்டையும் விட்டுப்போகப் பலருக்கு மனமில்லை. அந்நிய ஆண்களோடு நெருக்கியடித்துத் தங்கப் பெண்கள் தயங்கினார்கள். இறந்தவர்களில் பெண்களே அதிகம். கேட்காதவர்கள் என்று இவர்களைச் சொல்வீர்களா?

அவரே மீண்டும்: அப்போது குறை கட்டடத்தில்தானே? காப்பாற்றியது கான்கிரீட், கூட்டமல்ல.

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். கட்டடம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆனால் மாட்டுக்கு மேடு வேண்டும், பெண்களுக்குத் தனி அறையும் கழிப்பறையும் வேண்டும் என்பது, வராதவரிடம் போய் ஏன் வரவில்லை என்று கேட்டால்தானே தெரியும்? அங்கே 1972 முதல் தன்னார்வலர் படை ஒன்று இயங்குகிறது. கொடியும் மெகாஃபோனுமாக வீடு வீடாகப் போகிறவர்கள் உள்ளூர் ஆட்கள். இன்று அதில் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள்.

வேறொருவர்: அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நாங்கள் நடத்திய பயிற்சி முகாமில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். வெள்ளம் வந்ததும் ஒருவருக்கும் ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) கரைக்கத் தெரியவில்லை.

பதில்: கையெழுத்தை எண்ணினால் கையெழுத்துதான் கிடைக்கும். 1980களில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் வங்கதேசத்தில் வீடு வீடாகப் போய், உப்பும் வெல்லமும் தண்ணீரும் கலக்கத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தது. பிறகு வேறொருவர் போய்ச் சோதிப்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்தே சொல்லிக்கொடுத்த பெண்ணுக்குச் சம்பளம். சுமார் 1.2 கோடி வீடுகளை இப்படி எட்டினார்கள். உங்கள் முகாமில் ஆளுக்கு ஒரு குவளை கொடுத்துக் கரைக்கச் சொன்னீர்களா, படம் காட்டி அனுப்பினீர்களா? அடுத்த முறை ஒரு மாதம் கழித்துப் போய்க் கரைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: டெங்குவுக்குப் புகை அடித்தால் போதுமா?

பதில்: புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். புழு தண்ணீரில் பத்திரமாக இருக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரத்தில் ஒரே நாளில் தெருவே சேர்ந்து பாத்திரங்களைக் கவிழ்த்து, உட்சுவரைத் தேய்க்க வேண்டும். அங்கே ஒட்டிய முட்டை காய்ந்துபோயும் மாதக்கணக்கில் பிழைக்கும். ஒரு வீடு விட்டுப்போனாலும் அங்கிருந்து கொசு வரும்.

கேள்வி: 42 டிகிரியில் மின்விசிறி போடலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கார்பன் வரி பயன் தருமா?

பதில்: என் துறையல்ல. பொருளாதாரம் படித்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: மின்விசிறியோடு ஈரத்துணி...

பதில்: மேலே இருக்கிறது!

கேள்வி: டாக்டர், நோட்டீஸ் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது. என்ன செய்வது?

பதில்: சரி, போகட்டும். கதவிடுக்கில் செருகிவிட்டு வராதீர்கள். அதைச் சாக்காக வைத்துக் கதவைத் தட்டுங்கள். பின்பக்கம் காலியாக இருந்தால், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு அதிலேயே எழுதி எடுத்து வாருங்கள்.