பூனைக்கு லாக்டேட் 4.1: மறுபடி ஏறிய எண்ணை எப்படிப் படிப்பது?

கேள்வி: மூன்றாவது மாடியிலிருந்து விழுந்த எங்கள் பூனையைத் தீவிர சிகிச்சையில் சேர்த்திருக்கிறோம். சேர்த்தபோது ரத்த லாக்டேட் 6.8 என்றார்கள், ஆறு மணி நேரத்தில் 3.4 ஆனது, மறுநாள் காலை 4.1. மறுபடி ஏறியிருப்பது ஆபத்தா? இத்தனை முறை ரத்தம் எடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: காலையில் ரத்தம் எடுத்தபோது பூனை முரண்டு பிடித்ததா என்று முதலில் கேளுங்கள். இரண்டு பேர் அழுத்திப் பிடிக்க, கால்களை உதைத்துச் சீறுகிற பூனையின் தசைகள் சில நிமிடங்களிலேயே லாக்டேட்டை ரத்தத்தில் கொட்டிவிடும். ஆரோக்கியமான பூனையிடமே இப்படி எண் உயர்வதுண்டு. அமைதியாக இருக்கும் பூனையில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 மில்லிமோலுக்குள் இருப்பதே வழக்கமான அளவு.

திசுக்களுக்குப் போதிய ஆக்சிஜன் போய்ச் சேராதபோது செல்கள் அது இல்லாமலேயே குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுக்கின்றன. அப்போது மிஞ்சுவதே லாக்டேட். கீழே விழுந்த பூனைக்கு உள்ரத்தக்கசிவோ நுரையீரல் காயமோ, ரத்த ஓட்டம் குன்றிப்போகும் அதிர்ச்சி நிலையோ (ஷாக்) இருந்தால் முதல் எண் 6.8 ஆக இருந்ததில் வியப்பில்லை. ரத்த ஓட்டம் சீரானதும் கல்லீரலும் சிறுநீரகமும் அதை அகற்றத் தொடங்குகின்றன. ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்தது, சிகிச்சைக்கு உடல் இணங்குகிறது என்பதற்கு நல்ல அடையாளம். இப்படிக் குறைவதைப் பார்க்கத்தான் திரும்பத் திரும்ப அளக்கிறார்கள். சேர்க்கும்போது எடுத்த ஒற்றை எண்ணை வைத்துப் பூனை பிழைக்குமா என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. இரைப்பை முறுக்கிக்கொண்ட நாய்களில் அந்த எண்ணுக்கு இருக்கும் மதிப்பு பூனைகளில் அவ்வளவு உறுதியாக நிலைநாட்டப்படவில்லை.

எண் பொய்யாக ஏற வேறு வழிகளும் உண்டு. எடுத்த ரத்தம் சாதாரணக் குழாயில் காத்துக் கிடந்தால், அதிலுள்ள சிவப்பணுக்கள் குளுக்கோஸைத் தொடர்ந்து லாக்டேட்டாக மாற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே உடனே அளக்க வேண்டும், இல்லையேல் இந்த மாற்றத்தைத் தடுக்கும் ஃபுளோரைடு கலந்த குழாயில் எடுக்க வேண்டும். ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் என்ற ட்ரிப் திரவம்) ஏறிக்கொண்டிருக்கும் அதே ட்ரிப் குழாயிலிருந்து ரத்தம் எடுத்தாலும் தவறு நேரும், ஏனெனில் அந்தத் திரவத்திலேயே லிட்டருக்கு 28 மில்லிமோல் லாக்டேட் இருக்கிறது. (நரம்பில் முறையாக ஏறும் ஆர்.எல்.லை உடல் பயன்படுத்திக்கொள்ளும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.) 3.4 என்ற அளவைக் கைக்கருவியிலும் 4.1 என்பதை ரத்த வாயுக்களை அளக்கும் கருவியிலும் பார்த்திருந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கருவிகளுடையதாகவும் இருக்கலாம்.

கைக்கருவியின் ஸ்ட்ரிப்பில் தொட்டு வைக்க ஒரு துளி ரத்தம் போதும். நான்கு கிலோ பூனையின் உடலில் சுமார் 240 மில்லி ரத்தம் இருப்பதால், இந்தப் பரிசோதனையால் சோகை வந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

இவை எதுவும் பொருந்தாமல், அமைதியான பூனையில் மறுமுறை அளந்தும் எண் ஏறியே இருந்தால் பொருட்படுத்தத்தான் வேண்டும். ஈறு வெளுத்திருக்கிறதா, உடல் குளிர்ந்திருக்கிறதா, இதயத்துடிப்பு மந்தமாகிவிட்டதா, ரத்த அழுத்தம் எவ்வளவு என்பவற்றை மருத்துவர் சேர்த்துப் பார்ப்பார். அதிர்ச்சி நிலையில் நாய்க்குத் துடிப்பு எகிறும், பூனைக்கோ பெரும்பாலும் இறங்கிவிடும். வயிற்றில் ரத்தம் கசிகிறதா, சிறுநீர்ப்பை கிழிந்திருக்கிறதா, மார்புக்கூட்டில் காற்று தேங்கியிருக்கிறதா என்பதை ஸ்கேனிலும் எக்ஸ்ரேயிலும் மீண்டும் தேட வேண்டியிருக்கும். எண்ணைக் குறைப்பதற்காக மட்டும் திரவத்தை அள்ளி ஏற்றுவது சரியல்ல. பூனையின் நுரையீரலில் நீர் கோக்க அதிக நேரம் ஆகாது. ஆகவே இன்று மருத்துவரிடம், “அமைதியாக இருக்கும்போது, அதே கருவியில், ட்ரிப் ஏறாத காலிலிருந்து இன்னொரு முறை பார்க்கலாமா?” என்று கேளுங்கள்.