மால்டாவின் இம்தீனா: அம்மாவுடன் அரைநாள்

முழங்கால் வலியுள்ள அம்மாவைக் கூட்டிக்கொண்டு, கையில் இருக்கும் அரைநாளில் மதில் சூழ்ந்த பழைய நகரமான இம்தீனாவைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும், ஆனால் நண்பகலில் மட்டும் போகாதீர்கள். சுற்றுலாக் கூட்டம் அப்போது வாசலிலேயே நெரியும். 'மௌன நகரம்' என்ற அதன் பட்டப்பெயரே கேலியாகப் படும்.

மாலை நான்கு மணிக்குப் போய், இருட்டும்வரை இருங்கள். தலைநகர் வல்லெட்டாவிலிருந்து வரும் பஸ் குன்றின் மேலேயே இறக்கிவிடும். 1724இல் கட்டிய வாசலுக்கு அகழிப்பாலம் வழியாகச் சில நிமிட நடைதான். உள்ளே தரை பெரும்பாலும் சமம். குடியிருப்பவர்களின் கார்களைத் தவிர வாகனத் தொல்லை இல்லை. ஆனால் தேய்ந்த சுண்ணாம்புக்கல் மழையில் வழுக்கும். அம்மாவுக்கு நல்ல பிடிமானமுள்ள செருப்பு வேண்டும்.

பேராலயம் மாலையில் சீக்கிரம் மூடிவிடும். 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு எழுப்பிய கட்டடம் அது. உள்ளே போக முடியாவிட்டாலும் முகப்பை அண்ணாந்து பாருங்கள்: இரண்டு கடிகாரங்களில் ஒன்று மணி காட்டும், மற்றது தேதி. அப்புறம் கொத்தளத்து மதில் ஓரம் அம்மாவை உட்காரவைத்துவிடுங்கள். பாதித் தீவு கண்முன் விரியும். பக்கத்து ஊரான ரபாத்தின் நிலத்தடிக் கல்லறைகளில் படிகள் உண்டு, அவற்றை விட்டுவிடலாம். திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தை மட்டும் இறங்கியவுடனே பார்த்துவையுங்கள்.