பியூரிட்டன்கள் பெண்களை ஒடுக்கியதற்கு மதவெறி மட்டும்தான் காரணமா?

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போய்க் குடியேறிய பியூரிட்டன்கள் (மிகக் கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள்) பெண்களை அப்படி அடக்கி வைத்ததற்கு மதவெறி மட்டும்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மதவெறி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனமில்லை. பெண்ணின் கையில் பைபிளைக் கொடுத்ததும் அதே மதம்தான். ஒவ்வொருவரும் வேதத்தைத் தானே வாசித்து, தன் ஆத்துமாவைத் தானே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் பெண்பிள்ளைகளுக்கும் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்; எழுதக் கற்றவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். வாசித்த பெண் வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. மனைவிக்குக் கணவன், பிள்ளைக்குத் தகப்பன், சபைக்குப் போதகர், ஊருக்கு ஆளுநர் என்று எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாகக் கோத்து வைத்திருந்தார்கள். ஒரு கண்ணி கழன்றாலும் குடியேற்றமே குலைந்துவிடும் என்று உண்மையிலேயே பயந்தார்கள்.

ஆன் ஹட்சின்சன் வழக்கில் இது வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. 1634இல் கணவரோடு பாஸ்டனுக்கு வந்தவர், 15 பிள்ளைகள் பெற்றவர். ஊர்ப் பெண்களின் பேறுகாலத்தில் கூட நிற்பவர் என்பதால் பல வீடுகளில் அவருக்குச் செல்வாக்கு. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைப் பற்றித் தன் வீட்டில் பெண்களைக் கூட்டிப் பேச ஆரம்பித்தார். பிறகு ஆண்களும் வந்தார்கள். அறுபது, எண்பது பேர் சேர்ந்தார்கள். இரட்சிப்பு தேவனுடைய கிருபையால் இலவசமாகக் கிடைப்பது என்பதை விட்டுவிட்டு, போதகர்களில் பெரும்பாலோர் கிரியைகளை, அதாவது நற்செயல்களைப் போதிக்கிறார்கள் என்று அவர் சொன்னது ஊரையே இரண்டாக்கியது.

1637 நவம்பரில் பாஸ்டனை அடுத்த நியூடவுனில் விசாரணை நடந்தது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் ஆளுநர் ஜான் வின்த்ரப்தான் குற்றம் சாட்டுபவர், தலைமை நீதிபதியும் அவரே. அந்த விசாரணையின் பதிவு இன்றும் இருக்கிறது. முடிந்தால் முழுதாக வாசியுங்கள். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்ற ஐந்தாம் கட்டளையை ஆன் மீறினாராம். ஆள்பவர்களே நாட்டுக்குத் தகப்பன்மார், அவர்களை எதிர்த்தவர்களுக்கு அவர் ஆதரவு கொடுத்தார் என்பது வாதம். முதிர்ந்த பெண்கள் இளையவர்களுக்குப் போதிக்கலாம் என்று பைபிளின் தீத்து நிருபத்தில் இருக்கிறதே என்றார் ஆன். பைபிளில் வரும் பிரசங்கியான அப்பொல்லோவுக்கே பிரிஸ்கில்லாள் என்ற பெண் வேதத்தை விளக்கவில்லையா என்றும் கேட்டார். அவள் கணவனோடு சேர்ந்து, வீட்டுக்குள் தனியாக ஒருவனுக்கு விளக்கினாள். அதை வைத்து நீ கணவன் இல்லாமல் அறுபது எண்பது பேருக்குப் போதிக்கலாமா என்று மடக்கினார் வின்த்ரப். ஒரு கட்டத்தில், பெண்களோடு வாதம் செய்ய நாங்கள் இங்கே வரவில்லை என்றே சொல்லிவிட்டார். நின்றபடியே பதில் சொன்னவரின் முகத்தில் உடல் தளர்ச்சி தெரிந்த பிறகுதான் உட்கார அனுமதி கிடைத்தது.

தேவன் தன்னோடு நேரடியாகப் பேசுகிறார் என்று கடைசியில் ஆன் சொன்னார். அவர்களுக்கு அது போதும். நாடுகடத்தத் தீர்ப்பானது. என்னை எதற்காக வெளியேற்றுகிறீர்கள் என்று கேட்டார். மேற்கொண்டு பேசாதே, காரணம் மன்றத்துக்குத் தெரியும், மன்றத்துக்குத் திருப்தி என்று பதில் வந்தது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆத்திரம் வரும் இடம் அது.

1638 மார்ச்சில் சபையும் அவரை விசாரித்து விலக்கியது. நீ மனைவியாக இல்லாமல் கணவனாக இருந்தாய், கேட்பவளாக இல்லாமல் பிரசங்கியாக இருந்தாய், கீழ்ப்படிபவளாக இல்லாமல் அதிகாரியாக இருந்தாய் என்று போதகர் ஹ்யூ பீட்டர் குற்றம்சாட்டினார். உங்கள் கேள்விக்கு நான் பதில் தேடுவது இந்தக் குற்றச்சாட்டில்தான். கிருபை பற்றிய கொள்கைத் தகராறு இதில் எங்கேயும் இல்லை.

விலக்கப்பட்டு ஆன் வெளியே நடந்தபோது கூடவே எழுந்து நடந்தவர் மேரி டையர் என்ற இளம்பெண். அதற்கு முந்தைய அக்டோபரில் அவருக்கு உறுப்புகள் கோணிய குழந்தை இறந்தே பிறந்திருந்தது. ஆன் கூட இருந்து உதவினார், உடல் ரகசியமாகப் புதைக்கப்பட்டது. விஷயம் கசிந்ததும் வின்த்ரப் அந்தக் குழியைத் தோண்டச் செய்தார். கெட்ட கொள்கைக்குத் தேவன் காட்டிய அடையாளம் என்று அந்தச் சிசுவைப் பற்றிய செய்தி பரப்பப்பட்டது. ஒரு தாயின் துக்கத்தை வழக்குக்குச் சாட்சியாக்கிய ஊர் அது. மேரி பின்னாளில் பியூரிட்டன்கள் தடை செய்திருந்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்தார். தடையை மீறித் திரும்பி வந்ததற்காக 1660இல் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டார்.

எதிர்த்துப் பேசாத பெண்ணையும் இந்த எண்ணம் விடவில்லை. கனெக்டிகட் ஆளுநர் எட்வர்ட் ஹாப்கின்ஸின் மனைவி ஆனுக்குப் புத்தி பேதலித்தது. வாசிப்பதிலும் எழுதுவதிலும் மூழ்கியதுதான் காரணம், வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டு ஆண்களுக்குரியதில் தலையிடாமல் இருந்திருந்தால் அறிவு கெடாமல் இருந்திருக்கும் என்று 1645இல் வின்த்ரப் தன் நாட்குறிப்பில் எழுதினார். அதே ஆண்டு நியூ ஹேவனில் அந்தப் பெண்ணின் தாய் ஆன் ஈட்டனைச் சபை விலக்கியது. அவரும் ஆளுநரின் மனைவிதான். குழந்தை ஞானஸ்நானம் சரியல்ல என்று ஒரு புத்தகம் வாசித்து முடிவுக்கு வந்தவர். ஞானஸ்நான நேரத்தில் ஆராதனையிலிருந்து எழுந்து போய்விடுவார். சபை கொள்கையோடு நிற்கவில்லை. மாமியாரை அறைந்தார், வேலைக்காரர்களைக் கொடுமைப்படுத்தினார் என்று வீட்டுச் சண்டைகளையெல்லாம் கிளறிக் குற்றப்பட்டியல் போட்டது. (சென்னைக்காரர்களுக்கு ஒரு தகவல்: 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்த எலைஹூ யேலுக்கு இந்த ஆன் ஈட்டன் பாட்டி, ஆன் ஹாப்கின்ஸ் அத்தை.)

அவர்களுக்கு நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். தற்காப்புக்காக அன்றிக் கணவன் மனைவியை அடிக்கக் கூடாது என்று மாசசூசெட்ஸ் 1641லேயே சட்டம் எழுதியது. ஆனால் அதே ஆண்டு பாஸ்டன் சபை ஆன் ஹிபின்ஸ் என்ற வசதியான பெண்ணை விலக்கியது. தச்சர்கள் கூலி அதிகம் வாங்கிவிட்டார்கள் என்று விடாமல் வாதாடினார், கணவர் பேச வேண்டிய இடத்தில் தானே பேசினார் என்பது அவர் குற்றம். 1654இல் கணவர் இறந்தார். 1656இல் சூனியக்காரி என்று அவரைத் தூக்கில் போட்டார்கள்.

மாசசூசெட்ஸின் சேலம் என்ற ஊரில் 1692இல் நடந்த சூனிய வழக்குகளை நீங்களே கேள்விப்பட்டிருப்பீர்கள். தூக்கிலிடப்பட்ட 19 பேரில் 14 பேர் பெண்கள். தண்டனை விதிக்கப்பட்டும் உயிர் தப்பியவர்களில் ஒருவர் ஆண்டோவர் ஊரைச் சேர்ந்த எலிசபெத் ஜான்சன் என்ற 22 வயதுப் பெண். மற்றவர்களின் பெயரிலிருந்த களங்கத்தைச் சட்டம் ஒவ்வொன்றாகத் துடைத்தபோது அவர் பெயர் மட்டும் விடுபட்டது. மனுக்கொடுக்கப் பெரும்பாலும் சந்ததியினர்தான் முன்வந்தார்கள். எலிசபெத்துக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அவருக்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முயற்சி எடுத்து, 2022இல்தான் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது.