பால் சேர்க்காத கட்டங்காப்பி குடிக்கும் வீட்டுக்கு ஒரு டிரிப் மெஷின்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வீட்டில் நாலு பேர். காலையில் ஐந்தரைக்கு எழும்பி ஃபில்டரில் டிகாஷன் போட்டு, பால் காய்ச்சி, ஒவ்வொருத்தருக்காக ஆற்றிக் கொடுத்து முடிப்பதற்குள் ஏழு மணி ஆகிவிடுகிறது. பெங்களூரில் இருக்கும் மகன், "டிரிப் காப்பி மெஷின் வாங்கித் தருகிறேன், தண்ணீரும் தூளும் போட்டால் தானாக இறங்கிவிடும்" என்கிறான். எதை வாங்கலாம்?
(ஒரு வாசகி, தக்கலை)

பதில்: அக்கா, உங்கள் வீட்டில் நாலு பேரும் பால் காப்பிதான் குடிக்கிறீர்கள் என்றால் டிரிப் மெஷின் வேண்டாம். மகன் ஆசையாகக் கேட்கிறார் என்பது புரிகிறது. ஆனால் பத்து நாளில் அது அட்டைப்பெட்டிக்குள் திரும்பிப் போய் பரணில் ஏறிவிடும்.

காரணம் இதுதான். இந்த மெஷினில் இறங்குவது அப்படியே குடிக்கிற காப்பி, டிகாஷன் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 55 முதல் 60 கிராம் தூள் என்பது அதன் கணக்கு. நம் வீட்டு ஃபில்டரில் 25 கிராம் தூளுக்கு 150 மில்லி வெந்நீர் ஊற்றுகிறோம். அந்த அளவை ஒரு லிட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள், 165 கிராமுக்கு மேல் வரும். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அந்த அடர்த்தி இருப்பதால்தான் முக்கால் தம்ளர் பால் ஊற்றிய பிறகும் காப்பி மணக்கிறது. டிரிப் காப்பியில் அதே பாலை ஊற்றினால் நிறமும் நிற்காது, ருசியும் நிற்காது.

தண்ணீரைப் பாதியாக்கி அதே தூளைப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நானும் செய்து பார்த்தேன். 35 கிராம் தூளும் 300 மில்லி தண்ணீரும் போட்டால், தூளே 70 மில்லி அளவுக்கு உறிஞ்சிக்கொள்ளும். மிச்சம் இறங்குவது சுமார் 230 மில்லி. கொஞ்சமாகப் பால் விட்டுக் குடிப்பவர்களுக்கு அது பரவாயில்லை. டிகாஷன் குடித்துப் பழகிய நாக்குக்குப் போதாது.

உங்கள் சிரமம் நேரம்தானே? ராத்திரி படுக்கப் போகும் முன் ஃபில்டரில் தூள் போட்டு வெந்நீர் ஊற்றி மூடி வையுங்கள். காலையில் டிகாஷன் தயாராக இருக்கும், பால் காய்ச்சுவது மட்டும்தான் வேலை. அப்புறம், டிகாஷன் இறக்குவதற்கென்றே நம் ஊர்க் கம்பெனிகள் செய்யும் மின்சார ஃபில்டரும் கடைகளில் இருக்கிறது. மகன் கட்டாயம் ஏதாவது வாங்கித் தருவேன் என்றால் "டிகாஷன் இறங்குகிற மெஷின்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இரண்டும் பெட்டியில் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும்.

கேள்வி: ரப்பர் பால்வெட்டுக்கு விடியற்காலையிலேயே இறங்கிவிடுவோம். நான், மனைவி, கூட வேலைக்கு வரும் இரண்டு பேர், எல்லாருக்கும் கட்டங்காப்பிதான். பால் வாங்குவதே இல்லை. எங்களுக்கு இந்த மெஷின் சரிப்படுமா? என்னென்ன பார்த்து வாங்க வேண்டும்?
(ஒரு வாசகர், அருமனை)

பதில்: உங்களைப் போன்ற வீட்டுக்குத்தான் இது. தாராளமாக வாங்குங்கள். கடைக்குப் போனால் விற்பனையாளர் முதலில் காட்டுவது டிஸ்பிளேயும் டைமரும்தான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் பார்க்க வேண்டியது வாட்ஸ். காப்பித்தூளில் இருக்கிற ருசி முழுவதும் இறங்க, தண்ணீர் 92 முதல் 96 டிகிரி சூட்டில் தூளின் மேல் விழ வேண்டும். சூடு குறைந்தால் புளிப்பும் சப்பென்ற ருசியும்தான் மிஞ்சும். 600 மில்லி தண்ணீரை இந்தச் சூட்டுக்குக் கொண்டுவர 600 வாட்ஸ் மெஷினுக்குக் கணக்குப்படி நாலரை நிமிடம், வெளியே போகிற சூட்டையும் சேர்த்தால் ஆறு நிமிடம் வரை ஆகும். அது போதும். ஆனால் 1.2 லிட்டர் தொட்டி வைத்த மெஷினில் 900 வாட்ஸுக்குக் குறைவாகப் போட்டிருந்தால் வாங்காதீர்கள். தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இறங்கும், காப்பி கசக்கும். மொத்தமும் நாலிலிருந்து எட்டு நிமிடத்துக்குள் இறங்கி முடிவதுதான் சரியான வேகம். வாங்கிய அன்றே தூள் போடாமல் வெறும் தண்ணீரை ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள்.

"10 கப்" என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி அளவை முடிவு செய்ய வேண்டாம். ஒவ்வொரு கம்பெனிக்கும் கப் என்பது ஒவ்வொரு அளவு. மில்லி எவ்வளவு என்று பாருங்கள். நாலு பேருக்கு ஆளுக்கு 150 மில்லி என்றால் 600 மில்லி தொட்டி போதும். பெரிய மெஷினில் கால்வாசி தண்ணீர் ஊற்றிப் போட்டால் அகலமான கூடையில் தூள் மெல்லிசாகப் பரவி, தண்ணீர் ருசியை எடுக்காமலே ஓடிவிடும்.

அடுத்தது ஜாடி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டு முதல் மெஷின் ஓரம் கட்டப்பட்டது இதனால்தான். மெஷினில் ஒரு குறையும் இல்லை. கழுவும்போது கண்ணாடி ஜாடியின் விளிம்பு குழாயில் தட்டி உடைந்தது. வாங்கிய கடையில் தனி ஜாடி வருவதில்லை என்றார்கள். கம்பெனி நம்பரில் கூப்பிட்டால் அந்த மாடலே நின்றுவிட்டது என்றார்கள். சரி, அளவான ஒரு ஸ்டீல் பாத்திரத்தை வைத்துப் பார்ப்போம் என்று வைத்தோம். தூள் கூடையின் அடியில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன அடைப்பு இருக்கிறது. ஜாடியின் மூடி அதை மேலே தள்ளினால்தான் திறக்கும். ஸ்டீல் பாத்திரம் அதைத் தொடவில்லை. கூடை நிரம்பி, வெந்நீரும் தூளும் சேறாக வழிந்து அடுக்களை மேடை முழுக்க ஓடியது. வாங்குவதற்கு முன்பே, "இந்த மாடலுக்குத் தனி ஜாடி கிடைக்குமா, என்ன விலை, நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ சர்வீஸ் சென்டர் இருக்கிறதா" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு மாடலுக்குப் போய்விடுங்கள்.

கையில் பணம் இருந்தால் கண்ணாடி ஜாடிக்குப் பதில் சூடு ஆறாமல் காக்கிற ஸ்டீல் பிளாஸ்க் ஜாடி வருகிற மெஷினை வாங்கலாம். உங்களுக்கு அது ரொம்பப் பொருத்தம். கண்ணாடி ஜாடி மெஷினில் கீழே ஒரு சூட்டுத்தட்டு இருக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் காப்பியை அதில் விட்டால் கருகல் வாடை வந்துவிடும். பால்வெட்டு முடிந்து நீங்கள் திரும்பி வந்து குடிக்கிற இரண்டாவது காப்பி பிளாஸ்க்கில் இருந்தால் கெடாது. மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் சூடு நிற்கும்.

750 வாட்ஸ் மெஷினை வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள். சாதாரண 900 விஏ இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. 1,000 வாட்ஸ் வரை சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் போதும். 1,400 வாட்ஸுக்கு மேல் என்றால் கீசருக்கு வைக்கிற 16 ஆம்பியர் பாயின்ட்தான் வேண்டும்.

கேள்வி: மெஷின் வாங்கி ஒரு வாரம் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் கூடை நிரம்பி வழிகிறது. கடையில் மாற்றித் தரமாட்டேன் என்கிறார்கள்.
(ஒரு வாசகி, திங்கள்நகர்)

பதில்: நீங்கள் என்ன தூள் போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலும் சிக்கரி கலந்த ஃபில்டர் காப்பித்தூளாக இருக்கும். சிக்கரி தண்ணீர் பட்டதும் ஊறிக் கொழகொழப்பாகிவிடும். நம் ஃபில்டரில் அது நல்லது, தண்ணீரைப் பிடித்து வைத்து டிகாஷனை மெல்ல இறக்கும். டிரிப் மெஷினிலோ மேலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும், கீழே வழி அடைத்துவிடும். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். காப்பி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. அதாவது மீதி 49 சதவீதம் வரை சிக்கரியாக இருக்கலாம்.

கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடையில் சிக்கரி இல்லாமல் 250 கிராம் வாங்குங்கள். ஃபில்டருக்கு அரைப்பது போல நைசாக வேண்டாம், ரவை போலக் கொரகொரப்பாக அரைக்கச் சொல்லுங்கள். பீபரி, பிளான்டேஷன் ஏ என்ற இரண்டு வகைக் கொட்டையும் பாதிப்பாதி கலந்தால் நன்றாக இருக்கும். அப்படியும் வழிந்தால் மெஷினில்தான் குறை. அப்போது கடைக்காரரை விடாதீர்கள்.

கேள்வி: எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி வேண்டும். கருப்பட்டியைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றலாமா?
(ஒரு வாசகர், கருங்கல்)

பதில்: வேண்டவே வேண்டாம். தொட்டியில் தண்ணீரைத் தவிர எதையும் ஊற்றக்கூடாது. பால், பாகு, ஏற்கெனவே போட்ட காப்பி எதுவும் கூடாது. அடியில் விரல் தடிமனில் ஒரு அலுமினியக் குழாய் சூட்டுக்கம்பியோடு ஒட்டி ஓடுகிறது. அதற்குள் தண்ணீர் கொதித்து, அந்தக் குமிழிகள்தான் தண்ணீரை மேலே தள்ளுகின்றன. பாகு போனால் உள்ளேயே காய்ந்து பிடித்துவிடும்.

கருப்பட்டியைத் தனியாகக் காய்ச்சி, மண் போக வடிகட்டி, சூடாகவே ஜாடிக்குள் ஊற்றி வையுங்கள். காப்பி அதன் மேல் இறங்கட்டும். கடைசியில் ஒரு சுற்றுச் சுற்றினால் கலந்துவிடும். சுக்கு வேண்டுமானால் தட்டிப்போட்டு பாகோடு காய்ச்சுங்கள். சுக்குப்பொடியைக் கூடையில் போட்டால் சிக்கரி செய்கிற வேலையை அதுவும் செய்யும்.

கேள்வி: அப்பாவுக்குக் கொழுப்பு அதிகம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பேப்பர் ஃபில்டர் நல்லதா, கூடவே வரும் நைலான் சல்லடை போதுமா?
(ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: அப்பாவுக்கு பேப்பர்தான். காப்பிக்கொட்டையின் எண்ணெயில் இருக்கும் கஃபெஸ்டால் என்ற பொருள் கெட்ட கொழுப்பை ஏற்றக்கூடியது. பேப்பர் அதில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சல்லடை விட்டுவிடும். சின்ன மெஷினுக்கு 2-ஆம் நம்பர், பெரியதற்கு 4-ஆம் நம்பர் பேப்பர் என்பது பொதுவான அளவு. போடும் முன் வெந்நீரில் ஒரு தடவை நனைத்தால் காகித வாடை வராது.

கேள்வி: மகள் அமெரிக்காவிலிருந்து வரும்போது நல்ல மெஷின் ஒன்று கொண்டுவருகிறேன் என்கிறாள். மச்சான் துபாயிலிருந்தும் கொண்டுவரலாம் என்கிறான். எது நல்லது?
(ஒரு வாசகர், குளச்சல்)

பதில்: மகளிடம் வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். அமெரிக்க மெஷின் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் கரண்ட் 230 வோல்ட். நேரே செருகினால் சூட்டுக்கம்பி கிட்டத்தட்ட நாலு மடங்கு சக்தியை இழுத்து எரிந்துபோகும். அதை ஓட்டக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வாங்க வேண்டும். துபாய் மெஷின் 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், இங்கே ஓடும். பிளக் மட்டும் மாறும். தளர்வான அடாப்டரில் செருகாமல், எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் உள்ள நம்மூர் மூன்று முள் பிளக் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே கொடுத்த வாரண்டி இங்கே செல்லுமா என்பதை பில்லோடு வருகிற கார்டில் படித்துப் பார்த்துவிட்டு மச்சானிடம் சரி சொல்லுங்கள்.

குளச்சல் என்பதால் இன்னொன்று. கடற்கரைப் பக்கத்து போர் தண்ணீர் பல வீடுகளில் உவர்ப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது. அந்தத் தண்ணீரை ஊற்றினால் நான் சொன்ன அலுமினியக் குழாய்க்குள் வெள்ளையாக உப்புப் படியும். பழுதுக்குப் பிரித்த ஒரு மெஷினில் பார்த்தேன், பென்சில் நுழைகிற குழாயில் ஈர்க்குச்சி நுழையத்தான் இடம் இருந்தது. குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள். மாதம் ஒரு முறை ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்துப் பாதி ஓடவிட்டு, அணைத்து அரை மணி நேரம் வைத்து, மீதியை ஓடவிடுங்கள். பிறகு வெறும் தண்ணீர் மூன்று தடவை.

கேள்வி: ஆன்லைனில் வாங்கினேன். பெட்டியைத் திறந்தால் ஜாடி உடைந்திருந்தது. "நீங்கள் உடைத்திருப்பீர்கள்" என்று பணம் தர மறுக்கிறார்கள். 3,200 ரூபாய்க்கு வழக்கு போட முடியுமா?
(ஒரு வாசகி, குலசேகரம்)

பதில்: முடியும். தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள், அப்படி விடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் மறுக்கிறார்கள். முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். நிறையப் பேருக்கு இந்த இரண்டிலேயே பணம் வந்துவிடுகிறது.

வராவிட்டால் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். பில், பெட்டியின் மேலிருக்கும் லேபிள், உடைந்த ஜாடியின் படம், அவர்கள் அனுப்பிய பதில், இவ்வளவும் வேண்டும். உடைந்த கண்ணாடியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், பெட்டியோடு அப்படியே கட்டி வையுங்கள்.