எலியாவும் சோர்ந்துபோனார்

சகோதரி, ஞாயிறு பள்ளி ஊழியத்தில் களைத்து, ஜெபிக்கவே வாய் வரவில்லை, விசுவாசம் போய்விட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை மெதுவாகப் படியுங்கள்.

கர்மேல் மலையில் கர்த்தருடைய அக்கினி இறங்கியதைக் கண்ட அதே எலியா தீர்க்கதரிசிதான் யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டார். கர்த்தர் அவரைத் திட்டவில்லை, தூங்கவிட்டார். தூதன் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுத் திரும்பவும் படுத்தார். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் கர்த்தர் பேசியதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இந்த வரிசையை நான் பெரிதாக நினைக்கிறேன். பிறகு எலிசா என்பவரையும் கர்த்தர் அவருக்குத் துணையாகக் கொடுத்தார்.

உங்கள் வகுப்பைக் கொஞ்ச நாள் வேறொருவர் பார்க்கட்டும். நன்றாகத் தூங்குங்கள். போதகரிடமும் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.