கவுண்ட் ஹெல்டார்ஃப்: ரவுடிப் படைத் தலைவர், போலீஸ் கமிஷனர், தூக்குக் கைதி

போன வாரம் 1944 ஜூலை 20 அன்று ஹிட்லருக்கு வைத்த குண்டைப் பற்றிப் பேசியபோது, தூக்கில் போடப்பட்டவர்களில் பெர்லின் போலீஸ் கமிஷனரும் ஒருவர் என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தேன். அதிலிருந்து எல்லாரும் அவரைப் பற்றியே கேட்கிறீர்கள். வந்த கேள்விகளில் முடிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐயா, யார் இந்த ஹெல்டார்ஃப்? இவரைப் பற்றித் தமிழில் எங்கும் படித்ததில்லையே? (கல்லூரி மாணவி)

முழுப்பெயர் வோல்ஃப்-ஹைன்ரிஷ் கிராஃப் ஃபோன் ஹெல்டார்ஃப். 'கிராஃப்' என்றால் கவுண்ட், பிரபுப் பட்டம். 1896-இல் மெர்ஸெபுர்க்கில் பிறந்தார். நம் பேச்சில் சொன்னால் ஜமீன் வீட்டுப் பிள்ளை. முதல் உலகப் போருக்குப் பதினெட்டு வயதுகூட நிரம்பாமல் போய், குதிரைப்படையில் லெஃப்டினண்ட் ஆனார். போர் முடிந்ததும் ஊருக்குத் திரும்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ரோஸ்பாக் என்பவரின் கூலிப்படை மாதிரியான குழுவில் சேர்ந்தார். 1920-இல் பெர்லின் அரசைக் கவிழ்க்க நடந்த காப் கலகத்தில் கலந்துகொண்டார். அது பிசுபிசுத்துப் போனதும் கொஞ்ச காலம் இத்தாலிக்கு ஓடிவிட்டார். 1924-இல் பிரஷ்ய மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும் ஆகிவிட்டார். அந்தக் காலத்து ஜெர்மனியில் கலகக்காரன் எம்.எல்.ஏ. ஆக நான்கு வருடம் போதும்.

எஸ்.ஏ., எஸ்.எஸ். இரண்டும் ஒன்றா?

இல்லை. எஸ்.ஏ. என்பது பழுப்புச் சட்டைக்காரர்கள், 1921-இல் தொடங்கிய நாஜிக் கட்சியின் அடியாள் படை. கூட்டத்துக்குக் காவல் நிற்பார்கள், எதிர்க்கட்சிக் கூட்டத்தைக் கலைப்பார்கள், தெருவில் அடிதடி செய்வார்கள். எஸ்.எஸ். அதற்குள்ளேயே ஹிட்லரின் மெய்க்காவல் படையாக முளைத்து, பிறகு தாய்ப்படையையே விழுங்கியது. ஹெல்டார்ஃப் எஸ்.ஏ. ஆள்.

ஒரு பிரபுவை எப்படி ரவுடிப் படைக்குத் தலைவர் ஆக்கினார்கள், சார்?

நல்ல கேள்வி. 1931 ஏப்ரலில் பெர்லின் எஸ்.ஏ.வில் கலகம் வந்தது. அதன் தலைவர் ஸ்டென்னஸ் ஹிட்லரையே எதிர்த்துக் கிளம்பிவிட்டார். அவரை வெளியேற்றிய பிறகு, படையைக் கட்டி ஆளவும் வேண்டும், பெரிய மனிதர்கள் வீட்டு வாசலுக்குள் நுழையவும் தெரியவேண்டும் என்ற நிலை. பட்டம், போர்ப் பதக்கம், கலக அனுபவம் மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தன. அந்த வருடமே பெர்லின் எஸ்.ஏ. இவர் கைக்கு வந்தது.

வந்த வேகத்தில் என்ன செய்தார் பாருங்கள். 1931 செப்டம்பர் 12, யூதர்களின் புத்தாண்டு. பெர்லினின் பகட்டான குர்ஃபுர்ஸ்டென்டாம் சாலையில் நூற்றுக்கணக்கான எஸ்.ஏ. ஆட்கள் சாதாரண உடையில், வழிப்போக்கர் மாதிரி, கும்பல் கும்பலாக நின்றார்கள். சீருடைக்குத் தடை இருந்த காலம். பக்கத்துத் தெருவில் ஜெபக்கூடம். திடீரென்று கோஷம் கிளம்பியது. யூதர் போலத் தெரிந்தவர்களையெல்லாம் அடித்தார்கள், ரைமன் என்ற காபிக்கடையை நொறுக்கினார்கள். அந்த நேரத்தில் ஒரு திறந்த கார் சாலையில் மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தது. உள்ளே ஹெல்டார்ஃபும் அவருடைய கையாள் கார்ல் எர்ன்ஸ்டும். கல்யாண வீட்டில் பந்தி சரியாக நடக்கிறதா என்று பார்க்கிற மாமா மாதிரி!

தண்டனை கிடைத்ததா?

முதல் கோர்ட்டில் ஆறு மாதச் சிறையும் நூறு மார்க் அபராதமும். அப்பீலில் சிறை போய் அபராதம் மட்டும் மிஞ்சியது. அந்த வழக்கில் நாஜிகளுக்காக வாதாடிய வக்கீல்களில் ஒருவர் பெயர் ரோலண்ட் ஃப்ரைஸ்லர். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருவார்.

ஹனுஸன் என்ற ஜோசியக்காரரோடு இவருக்குத் தொடர்பு உண்டு என்கிறார்களே, கட்டுக்கதையா?

தொடர்பு உண்மை. மேடையில் வித்தை காட்டி, எதிர்காலம் சொல்லிப் பணம் குவித்தவர் ஹனுஸன். ஹெல்டார்ஃபுக்கு சூதாட்டம், குதிரைப் பந்தயம், கடன் மூன்றும் தீராத வியாதி. ஹனுஸன் இவருக்கும் வேறு எஸ்.ஏ. தலைவர்களுக்கும் பணம் கொடுத்து, புரோநோட்டு எழுதி வாங்கி வைத்திருந்தார். ஹனுஸன் பிறப்பால் யூதர், சொந்தப் பெயர் ஸ்டைன்ஷ்னைடர். 1933 மார்ச்சில், நாஜிகள் ஆட்சிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், எஸ்.ஏ. ஆட்கள் அவரைப் பிடித்துச் சுட்டுக் காட்டில் போட்டார்கள். ரைக்ஸ்டாக் என்ற நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடிக்கும் என்று முன்கூட்டியே சொன்னதால் கொன்றார்கள் என்று கதை சொல்பவர்கள் அதிகம். என் கணக்கில் புரோநோட்டு போதுமான காரணம். கடன் கொடுத்தவனைத் தீர்த்துக்கட்டுவது உலகெங்கும் உள்ள பழைய வழக்கம்தானே.

1934-இல் எஸ்.ஏ. தலைவர்களையெல்லாம் ஹிட்லர் கொன்றாரே, இவர் எப்படித் தப்பினார் அண்ணா?

இடம் மாறிவிட்டதால். 1933-லேயே போட்ஸ்டாம் நகரத்தின் போலீஸ் கமிஷனராகப் போய்விட்டார், பெர்லின் எஸ்.ஏ. கார்ல் எர்ன்ஸ்டிடம் போனது. 1934 ஜூன் 30-இல் அந்த எர்ன்ஸ்ட் தேனிலவுக்குக் கப்பல் ஏறப் போகும்போது பிடிபட்டு, பெர்லினில் சுடப்பட்டார். அதே காரில் உட்கார்ந்து ஊர்வலம் வந்த இன்னொருவர் 1935 ஜூலையில் தலைநகருக்கே கமிஷனர். அதற்கு வழிவிட்டதும் குர்ஃபுர்ஸ்டென்டாமில் நடந்த மற்றொரு யூத எதிர்ப்புக் கலவரம்தான். பழைய கமிஷனர் சரியில்லை என்று தூக்கிவிட்டு, அதே சாலையில் கலவரம் நடத்திய கையையே போலீஸுக்குத் தலைவராக வைத்தார்கள். நாடகம் எழுதுபவன்கூட இப்படி எழுதக் கூச்சப்படுவான்.

கமிஷனராக என்ன செய்தார்?

இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது பாஸ்போர்ட். 1938-இல் நாட்டை விட்டு ஓடத் துடித்த வசதியான யூதர்களின் பாஸ்போர்ட்டைப் பறித்து, பெரிய தொகை கட்டினால்தான் திருப்பித் தருவது என்று ஒரு ஏற்பாடு. 'ஹெல்டார்ஃப் நன்கொடை' என்றே அதற்குப் பெயர். உயிரோடு போக விடுவதற்கு மாமூல் வாங்கினார்கள். பெர்லினை யூதர் இல்லாத நகரமாக்க கோயபல்ஸோடு சேர்ந்து திட்டம் போட்டதும் அதே வருடம்.

இரண்டாவது, போர்த்துறை அமைச்சர் ப்ளோம்பெர்க்கின் கல்யாணம். 1938 ஜனவரியில் அவர் மறுமணம் செய்தார், சாட்சிகள் ஹிட்லரும் விமானப்படைத் தளபதி கோரிங்கும். சில நாளில் கமிஷனர் மேசைக்கு ஒரு ஃபைல் வந்தது. புதுப்பெண் மீது ஆபாசப் படம் தொடர்பான பழைய போலீஸ் பதிவு. மேலதிகாரி எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர்தான். அவரிடம் கொடுத்தால் ராணுவத்தின் கழுத்தில் கயிறு விழும். ஹெல்டார்ஃப் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நேராக ஜெனரல் கைட்டெலிடம் போனார். கைட்டெல் ப்ளோம்பெர்க்குக்குச் சம்பந்தி ஆகவிருந்தவர், ஒருவர் மகனுக்கு மற்றவர் மகளைப் பேசியிருந்தார்கள். படத்தைக் காட்டி, இந்தப் பெண்தானா என்று கேட்டார். கைட்டெல் கையைக் கழுவினார்: நான் முகத்திரையோடுதான் பார்த்திருக்கிறேன், கல்யாணத்துக்குப் போன கோரிங்கைக் கேளுங்கள். ப்ளோம்பெர்க்கின் பதவி மேல் கண் வைத்திருந்த கோரிங்குக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. அந்த மாதமே ப்ளோம்பெர்க் பதவி போனது. அடுத்து ராணுவத் தளபதி ஃப்ரிட்ஷும் ஜோடித்த குற்றச்சாட்டில் விழுந்தார்.

இவ்வளவு செய்தவர் எப்படி ஹிட்லருக்கு எதிராகத் திரும்பினார்? மனசாட்சியா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, எனக்கும் இதுதான் உறுத்துகிற இடம். அந்த ஃப்ரிட்ஷ் விவகாரத்தில் எஸ்.எஸ். செய்த மோசடி அவருக்குக் கசந்தது. அவருக்குத் துணைக் கமிஷனராக இருந்த ஷூலன்புர்க் ஏற்கெனவே மனம் மாறியவர். ஹிட்லருக்கு எதிராகச் சதி பேசிய ராணுவ உளவுத்துறை அதிகாரி ஓஸ்டர், அவருடைய கூட்டாளி கிஸேவியுஸ் ஆகியோரோடும் பழக்கம். 1938 செப்டம்பரில் செக்கோஸ்லோவாக்கியா மீது போர் வந்தால் ஹிட்லரைக் கைது செய்வது என்று ஜெனரல்கள் போட்ட திட்டத்தில் பெர்லின் போலீஸ் ஒத்துழைப்பதாக ஏற்பாடு. மியூனிக் ஒப்பந்தத்தில் ஹிட்லர் கேட்டது போரில்லாமலே கிடைத்தது, திட்டம் கலைந்தது.

ஆனால் தேதியைப் பாருங்கள். பாஸ்போர்ட் வசூலும் சதி ஆலோசனையும் ஒரே வருடம். அதற்குப் பிறகும் ஆறு வருடம் அதே நாற்காலி. 1941 அக்டோபரில் பெர்லின் யூதர்களை ரயிலேற்றத் தொடங்கியபோதும் நகரத்துக்குக் கமிஷனர் இவர்தான். எஸ்.எஸ். மீது கோபம் வந்தது, தோற்கப்போகிறோம் என்ற கணக்கும் இருந்தது. அதை மனசாட்சி என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. உயிரைப் பணயம் வைத்தார் என்பதையும் மறுக்கமாட்டேன்.

ஜூலை 20 அன்று அவர் வேலை என்ன?

காத்திருப்பது. சாயங்காலம் பெண்ட்லர் தெருவில் உள்ள ராணுவத் தலைமையகத்துக்கு வரச் சொன்னார்கள். ஹிட்லர் செத்தார், ராணுவம் அதிகாரத்தை எடுக்கிறது, போலீஸ் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் ஜெனரல் ஒல்பிரிக்ட். அலெக்ஸாண்டர்பிளாட்ஸில் உள்ள அலுவலகத்துக்குத் திரும்பி, உத்தரவுக்காக உட்கார்ந்தார். உத்தரவு வரவே இல்லை. ராத்திரிக்குள் கதை முடிந்தது. சில நாளில் கைது.

ஆகஸ்ட் 15 அன்று 'மக்கள் நீதிமன்றம்' என்ற நாஜி சிறப்பு நீதிமன்றத்தில் தீர்ப்பு, அன்றே ப்ளோட்ஸன்ஸே சிறையில் தூக்கு. மரண தண்டனை விதித்த தலைமை நீதிபதி, பதின்மூன்று வருடம் முன்பு அதே கட்சிக்காக குர்ஃபுர்ஸ்டென்டாம் வழக்கில் வாதாடிய ஃப்ரைஸ்லர்.

இவர் ஒருவர்தான் இப்படி இரண்டு பக்கமும் நின்றவரா, சார்?

அன்று மாலை இவரோடு சேர்ந்து உத்தரவுக்குக் காத்திருந்த இன்னொருவரைப் பாருங்கள்: குற்றப்புலனாய்வுப் போலீஸ் தலைவர் ஆர்தர் நேபெ. அவரும் சதியில் இருந்தார், ஒளிந்து பிடிபட்டு 1945 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டார். அதே நேபெதான் 1941-இல் பெலாரஸ் பக்கம் பல்லாயிரம் பேரைச் சுட்டுக் கொன்ற கொலைப்படைக்குத் தலைவராக இருந்தவர். அவரைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள், அடுத்த முறை.